பஞ்சைச் சீவும் இயந்திரமும் பருத்தி விவசாயியும்

ஏலக் கூடத்தில் பருத்தி மூட்டையைப் பிரித்ததும் வியாபாரி முதலில் என்ன செய்கிறார்? மூட்டைக்குள் ஆழமாகக் கையை விட்டு ஒரு பிடி எடுக்கிறார். விதையிலிருந்து சிறிது பஞ்சைப் பிய்த்து, இரண்டு கைகளின் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, இழுத்து இழுத்து அடுக்குகிறார். குட்டை இழைகள் உதிர்ந்து விழுகின்றன. நீள இழைகள் மட்டும் ஒரு சிறு தாடிபோல விரலிடையே நிற்கின்றன. அதைப் பார்த்து ஒரு விலை சொல்கிறார். நாம் எதிர்பார்த்த விலைக்கும் அவர் சொல்லும் விலைக்கும் பல சமயம் வெகு தூரம்.

அவர் விரல்கள் அந்த அரை நிமிடத்தில் செய்த வேலையைத்தான் நூற்பாலையில் ஓர் இயந்திரம் இரவு பகலாகச் செய்கிறது. அதற்குப் பஞ்சு சீவும் இயந்திரம் என்று பெயர். மில் தொழிலாளர்கள் கோம்பர் என்பார்கள். இந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது, அதன் அசைவுகளை எப்படியெல்லாம் செம்மைப்படுத்தியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், வியாபாரி எதைத் தேடுகிறார் என்பது விவசாயிக்குப் புரியும். எந்த இடத்தில் நம் பணம் கழிவாகப் போகிறது என்பதும் விளங்கும்.

எதற்காகச் சீவ வேண்டும்?

ஒரே காயில் விளைந்த பஞ்சிலும் எல்லா இழைகளும் ஒரே நீளம் இருப்பதில்லை. 30 மில்லிமீட்டர் நீளமுள்ள இழைகளுக்கு நடுவே 10 மில்லிமீட்டர் இழைகளும் கிடக்கும். அரை அங்குலத்துக்குக் குறைவானவற்றைக் குட்டை இழை என்று ஒதுக்குவது வழக்கம். குட்டை இழை கலந்து நூற்றால் நூலில் மேடு பள்ளம் விழும், முறுக்கு பிடிக்காது, மயிர் மயிராகச் சிலிர்த்து நிற்கும். ஆகவே மெல்லிய நூலுக்கும் நயமான நூலுக்கும் குட்டை இழையைக் களைந்தே ஆக வேண்டும்.

ஒரு காலத்தில் உயர்ந்த வேட்டி, புடவை நூலுக்குத்தான் பஞ்சைச் சீவினார்கள். இன்று திருப்பூரில் பனியன் துணி பின்னும் நூலிலும் பெரும் பகுதி சீவிய நூலே. ஆகவே "நமது பருத்தி சாதாரண ரகம், நமக்கென்ன?" என்று எந்த விவசாயியும் இருந்துவிட முடியாது.

தலை வாருவது போல

இந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் பிரான்சு நாட்டின் முல்ஹவுஸ் நகரைச் சேர்ந்த ஜோசுவே ஹைல்மான். 1845-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பல நாள் யோசித்தும் வழி தோன்றாமல் இருந்தபோது, தம் மகள் தலை வாரிக்கொள்வதைப் பார்த்து அவருக்கு யோசனை பிறந்தது என்று ஒரு கதை வழங்கி வருகிறது. கதை எப்படியோ, உவமை பொருத்தமானது. சிக்கு விழுந்த கூந்தலை வாருகிறவர்கள் ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு மறு கையால் சீவுவார்கள். பிடிக்குள் அகப்பட்ட முடி நிற்கும். அகப்படாத முடி சீப்போடு வந்துவிடும்.

இயந்திரத்திலும் அதுதான் நடக்கிறது. பஞ்சு ஒரு சாணுக்கும் சற்று அதிகமான அகலத்தில் பாய்போலச் சுருட்டப்பட்டு உள்ளே வருகிறது. ஒவ்வோர் அடிக்கும் சில மில்லிமீட்டர்தான் முன்னே தள்ளப்படும். இரண்டு இரும்புத் தாடைகள் அதைக் கவ்விக்கொள்கின்றன. இதுவே கவ்வி, மில்லில் நிப்பர் என்பார்கள். கவ்விக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு நுனியை, கீழே சுழலும் உருளைச் சீப்பின் பற்கள் சீவிச் செல்கின்றன. கவ்வியில் பிடிபடாத குட்டை இழைகளும், தூசியும், முடிச்சுகளும் சீப்போடு போய்விடுகின்றன.

பிறகு கவ்வி முன்னே நகர்ந்து வாயைத் திறக்கிறது. எதிரே உள்ள இரண்டு உருளைகள் சீவிய நுனியைப் பிடித்து இழுத்துக்கொள்கின்றன. இழுபடும்போது மேலிருந்து இறங்கும் இன்னொரு சீப்பு இழைகளின் வால் பகுதியைச் சீவிவிடுகிறது.

ஆனால் இப்படிப் பிரிந்து வந்தது ஒரு சிறு கொத்துதான். கொத்துக் கொத்தாக வந்தால் நூல் ஆகாது. ஆகவே இழுக்கும் உருளைகள் ஒரு வேலை செய்கின்றன. முன்பு வந்த பஞ்சைச் சற்றே பின்னுக்குக் கொண்டுபோய், அதன் வால்மீது புதுக் கொத்தின் தலையைப் படியவைத்து, மறுபடி முன்னே இழுக்கின்றன. கூரைக்குக் கீற்று வேயும்போது ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும்படி வைக்கிறோம் அல்லவா, அதே முறை. ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் பின்னே, அதைவிட அதிகம் முன்னே என்று இந்த உருளைகள் ஓயாமல் நடக்கின்றன.

அசைவில்தான் சூட்சுமம்

சுற்றிக்கொண்டே இருக்கும் சக்கரத்தை வேகமாகச் சுற்றவைப்பது பெரிய காரியம் அல்ல. முன்னும் பின்னும் போய்வருவதை வேகப்படுத்துவதுதான் கடினம். கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைத்த பெரியவர்களுக்கு இது தெரியும். மாடுகள் சரிவில் இறங்கும் வரை சிரமம் இல்லை. இறங்கி நின்று மறுபடி பின்னே நடக்கத் தொடங்கும் அந்த இடத்தில்தான் கயிறு வெட்டி இழுக்கும். அவசரப்படுத்தினால் கயிறு அறும், உருளை தெறிக்கும்.

சீவும் இயந்திரத்தின் கவ்வியும் உருளைகளும் ஒவ்வோர் அடிக்கும் இப்படித் திரும்பியாக வேண்டும். பழைய இயந்திரங்கள் நிமிடத்துக்குச் சுமார் 100 அடிகளோடு நின்றுவிட்டதற்கு இதுவே காரணம். போய்வரும் தூரமும் எடையும் அப்படியே இருக்க, வேகத்தை இரு மடங்காக்கினால் அதிர்ச்சி நான்கு மடங்காகிறது. ஐந்து மடங்காக்கினால் இருபத்தைந்து மடங்கு. போல்ட்டு கழலும், பல் தேயும், பஞ்சு கிழியும்.

இயந்திரம் செய்வோர் இதைப் படிப்படியாக வென்றார்கள். முதலாவதாக, கவ்வியின் எடையைக் குறைத்தார்கள். கனத்த இரும்புக்குப் பதில் அலுமினியக் கலவை வந்தது. இரண்டாவதாக, கவ்வி போய்வரும் தூரத்தைக் குறைத்தார்கள். மூன்றாவதாக, மேடு பள்ளமான சக்கரத்தின்மேல் உருண்டு, இடித்து இடித்து அசைந்த பாகங்களுக்குப் பதிலாக, எண்ணெயில் மூழ்கி ஓடும் பல்சக்கரங்களையும் கீல் தண்டுகளையும் வைத்தார்கள். நான்காவதாக, திரும்பும் இடத்தில் வெட்டு விழாமல், மெள்ளத் தணிந்து மெள்ள வேகம் எடுக்கும்படி அசைவின் ஒவ்வொரு நொடித் துணுக்கையும் கணிப்பொறி கொண்டு கணக்கிட்டார்கள். நீண்ட உருளை ஒரு முனையில் மட்டும் திருப்பப்பட்டால் மறுமுனை முறுக்கிக்கொண்டு பின்தங்குகிறது என்று கண்டு, இரு முனைகளிலும் விசை கொடுக்கும் இயந்திரங்களும் வந்திருக்கின்றன.

இதன் பயனாக, இன்று நல்ல இயந்திரம் நிமிடத்துக்கு 500 அடிகள் ஓடுகிறது. ஓர் அடிக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு. அதற்குள் கவ்வி மூடி, சீப்புச் சீவி, கவ்வி திறந்து, உருளை பின்னே போய் முன்னே வந்து முடிகிறது. இத்தகைய இயந்திரங்கள் நம் கோயமுத்தூரிலேயே செய்யப்படுகின்றன.

இயந்திரத்தால் முடியாதது

இவ்வளவு செய்தும் ஒரு காரியம் இயந்திரத்தால் முடியாது. குட்டை இழையை நெட்டை இழை ஆக்க முடியாது. இருப்பதைப் பிரிக்கலாம், இல்லாததைச் சேர்க்க வழியில்லை.

சீவும்போது விழும் கழிவு நூற்றுக்கு 12 முதல் 20 வரை இருப்பதுண்டு. நூலின் தரத்தையும் பஞ்சின் தன்மையையும் பொறுத்து இது மாறும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 கிலோ பஞ்சைச் சீவுகிறார்கள். கழிவு நூற்றுக்கு 14 என்றால் 860 கிலோ நூலுக்குப் போகும். குட்டை இழை மிகுந்த பஞ்சாக இருந்து கழிவு 19 ஆனால் 810 கிலோதான் போகும். வித்தியாசம் 50 கிலோ. அது சுமார் ஒன்றரைக் குவிண்டால் விதைப்பருத்தியின் பஞ்சு. கழிவும் வீணாவதில்லை, தடித்த நூலுக்கும், மருத்துவப் பஞ்சுக்கும், பணத்தாள் காகிதத்துக்கும் அது போகிறது. ஆனால் விலை குறைவு. இந்த நஷ்டத்தை மில்காரர் தம் கையிலிருந்து கொடுக்கமாட்டார். வாங்கும்போதே விலையில் கழித்துவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. இயந்திரத்தின் வேகம் கூடக்கூட, முதிராத இழையும் வலுவற்ற இழையும் அறுந்து, புதிதாகக் குட்டை இழை உண்டாகிறது. அசுவினியும் வெள்ளை ஈயும் விட்ட தேன் போன்ற பிசின் பஞ்சில் இருந்தால் உருளையில் ஒட்டிச் சுற்றிக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டும். மெள்ள ஓடிய பழைய இயந்திரத்தைவிட, வேகமான இயந்திரத்துக்குச் சுத்தமான பஞ்சு அதிகம் தேவை.

வயலில் செய்ய வேண்டியவை

இழையின் நீளம் வயலில்தான் முடிவாகிறது. பூ மலர்ந்தது முதல் சுமார் 20–25 நாட்கள் இழை நீளும். அதற்குப் பின் காய் வெடிக்கும் வரை இழையின் சுவர் தடித்து வலுப்பெறும். நீளும் பருவத்தில் பயிர் வாடினால் நீளம் குறையும். தடிக்கும் பருவத்தில் சாம்பல் சத்துக் குறைந்தாலோ, இலை உதிர்ந்து பயிர் நலிந்தாலோ, இழை முதிராமல் போகும். ஆகவே தண்ணீர் குறைவாக உள்ளவர்கள், பூத்துக் காய் பிடிக்கும் காலத்துக்கென்று ஒன்றிரண்டு பாய்ச்சலை மிச்சம் வைப்பது அவசியம். மண் பரிசோதனைப்படி சாம்பல் சத்து இடுவதையும் விட்டுவிடக்கூடாது.

ரகமும் முக்கியம். கோவையில் உருவாகி 1974-ல் வெளியான சுவின் பருத்தி, 38 மில்லிமீட்டர் அளவுக்கு இழை நீளம் கொண்டது; மிக மெல்லிய நூலுக்கு உரியது. ஆனால் வயது அதிகம், பராமரிப்பும் அதிகம் என்பதால் இன்று அது மிகக் குறைந்த பரப்பிலேயே பயிராகிறது. எந்த ரகமாக இருந்தாலும் ஒரு கிராமத்தார் சேர்ந்து ஒரே ரகத்தைப் பயிரிட்டால் கலப்பு குறையும். நீள இழை ரகமும் நடுத்தர ரகமும் ஒரே மூட்டையில் கலந்தால், நீள இழைக்கு உரிய விலை கிடைக்காது.

பறிப்பில்தான் பெரும்பாலோர் நஷ்டப்படுகிறார்கள். பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்:

1. நன்றாக வெடித்து மலர்ந்த காயிலிருந்து மட்டும் பருத்தி எடுக்கவும். அரைவெடிப்புக் காயைப் பிளந்து எடுக்கக்கூடாது. அதில் இருப்பது முதிராத இழை.

2. பனி ஈரம் உலர்ந்ததும் தொடங்கி, வெயில் ஏறிச் சருகு நொறுங்கும் முன் பறிப்பை முடிக்கவும்.

3. புழு தின்றது, நாவாய்ப்பூச்சிக் கறை பட்டது, மழையில் நனைந்தது ஆகிய கொட்டுப் பருத்தியைத் தனிப் பையில் போடவும். இதற்காகப் பறிக்கும் ஆளுக்கு இரண்டு மடி கட்டிவிட்டால் வீட்டில் பொறுக்கும் வேலை மிச்சம்.

4. முதல் பறிப்புகளையும் கடைசிப் பறிப்பையும் கலக்காதீர்கள். கடைசியில் வெடிக்கும் காய்களில் இழை குட்டையாகவும் வலுக்குறைந்தும் இருக்கும்.

5. உரச்சாக்கு, பிளாஸ்டிக் கோணி வேண்டாம். அதன் ஒரு நார் பஞ்சில் கலந்தால் இயந்திரம் அதைத் துண்டு துண்டாக்கி நூல் முழுதும் பரப்பிவிடும். துணியில் சாயம் ஏறாத புள்ளியாக அது தெரியும். பருத்தித் துணிப் பையே நல்லது. பறிக்கும் பெண்கள் தலையில் துணி கட்டிக்கொண்டால் முடி விழாது.

6. எடை கூட்டத் தண்ணீர் தெளிப்பது நமக்கு நாமே செய்யும் கேடு. ஈரப் பஞ்சு மஞ்சளாகும். அரவையில் விதையோடு சிக்கி இழை அறும். நிழலில் உலர்த்தி, காய்ந்த தரையில் சேமிக்கவும்.

பிரித்தால் லாபம்

சேலம் மாவட்டம் கொங்கணாபுரம் ஏலத்தில் பி.டி. ரகம், டி.சி.எச். ரகம், கொட்டு என்று தனித்தனியே விலை கூறப்படுவதை அப்பகுதி விவசாயிகள் அறிவார்கள். பத்து மூட்டையில் ஒரு மூட்டை கொட்டு இருந்து, அதைத் தனியே வைத்தால் ஒரு மூட்டைக்குத்தான் விலை குறையும். பத்திலும் கலந்துவிட்டால் பத்துக்கும் குறையும். வியாபாரி மூட்டைக்குள் ஆழமாகக் கை விடுவது இந்தக் கலப்பைத் தேடித்தான்.

ஏலத்துக்குப் போகும் முன், வியாபாரி செய்வதை நீங்களே வீட்டில் செய்து பாருங்கள். ஒவ்வொரு மூட்டையின் மேலும் நடுவிலும் அடியிலும் ஒரு பிடி எடுத்து, இழையை விரலால் இழுத்து அடுக்கிப் பாருங்கள். மூன்றும் ஒரே நீளமாக, உதிர்வது குறைவாக இருந்தால், சொல்லும் விலையில் உறுதியாக நிற்கலாம். கவ்வியையும் உருளையையும் செம்மைப்படுத்த இயந்திரக்காரர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருக்கிறார்கள். நம் பங்குக்கு வேண்டியது, பறிக்கும்போது இடுப்பில் இரண்டாவது மடி ஒன்று.