வாசிக்காமல் சொன்ன ‘ஓம்’

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணியிருக்கும். ஆறாம் மாடி மாமா தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, கொம்பியூட்டரிலை தமிழ் வருகுதில்லை. என்னத்தை அடிச்சாலும் இங்கிலீசுதான் விழுகுது. நீர் பின்னேரம் வந்து என்னவோ செய்து போட்டுப் போனீர் அல்லோ?”

மாமா என்றால் சொந்தக்காரர் இல்லை. ரெக்ஸ்டேலில் ஒரே கட்டடத்தில், ஒரே லிஃப்டில் பதினைந்து வருடம் ஏறி இறங்கினால் வருகிற உறவு அது. ஊரில் வாத்தியாராக இருந்தவர். நாலு வருடமாகத் தன் ஊரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். எந்த ஒழுங்கையில் யார் வீடு, எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், இடம்பெயர்ந்த பிறகு யார் எந்த நாட்டுக்குப் போனார்கள் என்று முந்நூறு பக்கத்தைத் தாண்டிவிட்டது. அவ்வளவும் ஒரு பழைய மடிக்கணினிக்குள்.

அந்த மடிக்கணினிக்கு விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மகன் புதிது வாங்கித் தருகிறேன் என்று பல தடவை சொல்லிவிட்டார். “இது வேலை செய்யுதுதானே” என்பது மாமாவின் பதில். அதனால் அதற்கு முன்னரே உபுண்டு லினக்ஸ் 22.04 போட்டுக் கொடுத்திருந்தேன். இலங்கையில் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகையும் அதில் சேர்த்துக் கொடுத்தேன். நான் கணினித் துறைக்காரன் இல்லை. விமான நிலையப் பக்கம் ஒரு பண்டகசாலையில் வேலை. லினக்ஸ் கைப்பழக்கம், அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் நான் செய்தது, 22.04ஐ 24.04 ஆக்கியது. அவசரம் ஒன்றும் இருக்கவில்லை. 22.04க்கு 2027 வரை ஆதரவு இருக்கிறது. புதியது வந்திருக்கிறதே என்ற ஆசைதான். இடையில் ஒரு பிழைச் செய்தி வந்தது. அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட பட்டியலும், தொடரவா என்ற கேள்வியும் வந்தன. இரவு வேலைக்குப் போகிற அவசரத்தில் ‘ஓம்’ என்று அழுத்திவிட்டு எழும்பிவிட்டேன். பிறகு பார்த்தால், அந்தப் பட்டியலின் நடுவில் இருந்தது தமிழ் விசைப்பலகையின் பெயர். பட்டியலுக்கு மேலே எழுதியிருந்தது: ‘பின்வருவன அகற்றப்படும்.’

இது என்ன சிக்கல் என்று கேட்பவர்களுக்கு நமக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். பாமினி எழுத்துருவில் அடித்த கலியாண அழைப்பிதழை, பாமினி இல்லாத கணினியில் திறந்து பார்த்திருப்பீர்கள். தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குப்பையாகக் கொட்டிக் கிடக்கும். அழைப்பிதழில் பிழை இல்லை, கணினியிலும் பிழை இல்லை. அழைப்பிதழ் எதை நம்பி எழுதப்பட்டதோ அது அங்கே இல்லை. இதைத்தான் சார்பு என்கிறார்கள்.

லினக்ஸில் மென்பொருள்கள் பொதி பொதியாக வருகின்றன. ஒவ்வொரு பொதியும் தனக்கு எந்தெந்தப் பொதி, எந்தப் பதிப்பில் வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும். உபுண்டுவின் தாயான டெபியனில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட பொதிகள் இருக்கின்றன. அவற்றைக் கணக்குப் பார்த்துப் பொருத்துகிற வேலை ஆப்ட் என்ற கருவியுடையது. 1999இல் டெபியன் 2.1 உடன் வந்தது. பொருத்தம் பார்க்க முடியாமல் போனால் அது இரண்டில் ஒன்றைச் செய்யும்: முடியாது என்று நிற்கும், அல்லது இதையெல்லாம் கழற்றினால் முடியும் என்று ஒரு வழி காட்டும்.

அந்த வழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருந்து யூடியூப் நடத்துகிற லைனஸ் செபஸ்டியன் 2021 நவம்பரில் ஒரு காணொளி வெளியிட்டார். பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவப் போகிறார். அந்த நேரம் பொதிகளின் பதிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஆப்ட் காட்டிய வழி, திரையில் தெரிகிற மேசைச்சூழலையே கழற்றுவது. எச்சரிக்கையும் போட்டது. ‘ஆம், சொன்னபடி செய்’ என்று ஒரு முழு வசனத்தைத் தட்டச்சு செய்தால்தான் தொடருவேன் என்றது. மனிதர் தட்டச்சு செய்தார். மேசைச்சூழல் போய்விட்டது.

அதன் பிறகு, அந்த வசனத்தை அடித்தாலும் அத்தியாவசியப் பொதிகள் கழன்று போகாதபடி ஆப்ட்டை மாற்றினார்கள். நல்லது. ஆனால் அத்தியாவசியம் எது என்ற பட்டியலை இயந்திரத்தின் கண்ணோடுதான் எழுதியிருக்கிறார்கள். மாமாவின் தமிழ் விசைப்பலகை அதில் இல்லை. அது ஒரு சின்னப் பொதி. கழற்றினாலும் கணினி இயங்கும். மாமாவால்தான் எழுத முடியாது. அதை இயந்திரம் எப்படி அறியும்? நான்தான் அறிந்திருக்க வேண்டும்.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஆறாம் மாடிக்குப் போனேன். மகளும் கூட வந்தாள். பதினைந்து வயது, இங்கே பிறந்தவள். நான் டெர்மினலைத் திறந்து, கண்ட கண்ட கட்டளைகளை அடிக்கத் தொடங்கினேன். அவள் கையைப் பிடித்தாள். “அப்பா, முதல்ல அது என்ன சொல்லுது எண்டு வாசிப்பம்.”

அதற்கும் முதல் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது: மாமாவின் எழுத்தை ஒரு யூஎஸ்பியில் நகல் எடுப்பது. அதுவரை ஒரு நகல்கூட இல்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பிறகு மகள் ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியாக வாசித்தாள். பாதியில் நின்ற நிறுவல்களை முடிக்க, ‘டிபிகேஜி’ கட்டளையை எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தச் சொல்லி ஓடவிட்டோம். அடுத்து, உடைந்ததைச் சரிசெய்யச் சொல்லும் ஆப்ட் கட்டளையை ஒத்திகையாக மட்டும் ஓட்டினோம். கட்டளையோடு ‘-எஸ்’ என்று சேர்த்தால், எதையும் தொடாமல், என்ன செய்யப் போகிறேன் என்று மட்டும் ஆப்ட் சொல்லும். இந்த ஒரு எழுத்து பின்னேரம் நினைவுக்கு வந்திருந்தால் மாமாவுக்குத் தொலைபேசி எடுக்க வேண்டி வந்திராது.

ஒத்திகையில் காரணம் தெரிந்தது. ஒரு பொதி, தன் கூட்டாளி லைப்ரரி குறிப்பிட்ட ஒரு பதிப்பில்தான் வேண்டும் என்றது. அங்கே இருந்ததோ அதைவிடப் புதியது. புதியது இருந்தால் நல்லதுதானே என்று நினைப்போம். இல்லை. சில பொதிகளுக்கு அதே பதிப்புத்தான் வேண்டும். ஆப்ட்டும் தானாகப் பதிப்பைக் கீழிறக்காது.

அந்தப் புதிய பதிப்பு எங்கிருந்து வந்தது? ‘ஆப்ட் பாலிசி’ என்று அடித்து, பொதியின் பெயரைக் கொடுத்துப் பார்த்தோம். நிறுவியிருக்கும் பதிப்புக்குப் பக்கத்தில் மூன்று நட்சத்திரம் போட்டு, எந்தக் களஞ்சியத்தில் இருந்து வந்தது என்று காட்டும். இதற்குக் களஞ்சியமே காட்டவில்லை, அநாதையாக நின்றது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. முந்தி ஒருநாள் இன்னும் நல்ல பதிப்பு வேண்டுமென்று நானே ஒரு வெளிக் களஞ்சியத்தைச் சேர்த்திருந்தேன். உபுண்டுவைப் பெரிய பதிப்புக்கு மாற்றும்போது வெளிக் களஞ்சியங்களை அது நிறுத்திவிடும். ஆனால் அவற்றில் இருந்து ஏற்கெனவே வந்த பொதிகள் அப்படியே உள்ளே கிடக்கும்.

நோய் தெரிந்தால் மருந்து பத்து நிமிடம். அநாதைப் பொதியையும் அதன் கூட்டாளிகளையும், உபுண்டுவின் சொந்தப் பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு ஒன்றாகக் கீழிறக்கினோம். பிறகு தமிழ் விசைப்பலகைக்கான பொதியைத் திரும்ப நிறுவி, வெளியேறி உள்நுழைந்தோம். இரவு பன்னிரண்டரைக்கு மாமா ‘அ’ அடித்தார். ‘அ’ விழுந்தது.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், “அப்ப அப்டேட் செய்யாமல் விடுறதுதான் புத்தி” என்றார். அது இல்லை. 2024 மார்ச் 29இல் எக்ஸ்இசட் என்ற, ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கிற ஒரு சுருக்க மென்பொருளின் புதிய பதிப்புகளில் யாரோ கள்ளக்கதவு வைத்திருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியியலாளர் வெளிப்படுத்தினார். உள்நுழைய வழமையைவிட அரைச் செக்கன் கூடுதலாக எடுத்ததுதான் அவருக்குச் சந்தேகம் தந்தது. டெபியனின் நிலையான பதிப்பில் இருந்தவர்களுக்கு ஆபத்தில்லை, அந்தப் பதிப்பு அதுவரை அங்கே வந்திருக்கவில்லை. பாதிப்பு வந்த இடங்களுக்கு, திருத்தம் அதே அப்டேட் வழியாகத்தான் போனது. ஆகவே அப்டேட் செய்யுங்கள். புதியது என்பதற்காக வெளிக் களஞ்சியங்களின் பின்னால் ஓடாதீர்கள். ‘சில பொதிகள் நிறுத்திவைக்கப்பட்டன’ என்று வந்தால் உடனே வற்புறுத்தவும் வேண்டாம். உபுண்டு புதுப்பிப்புகளைப் படிப்படியாகத்தான் விடுகிறது. அநேகமாகச் சில நாட்களில் தானாக வந்துசேரும்.

நான் சொல்ல வந்தது கணினியைப் பற்றி மட்டும் இல்லை. எந்த இயந்திரத்தை உருவாக்கியவரும் தமிழை அத்தியாவசியப் பட்டியலில் போட்டு வைக்கப் போவதில்லை. அதைப் போட வேண்டியவர்கள் நாங்கள். நம் வீடுகளில் மாமாவைப் போல எத்தனையோ பேர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களின் கணினி பழுதானால் ‘தூக்கி எறியுங்கோ, புதுசு வாங்குவம்’ என்கிறோம். பழையதற்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கட்டடத்தின் பார்ட்டி அறையிலோ அல்பியன் நூலகத்திலோ, யூஎஸ்பியோடு நாலு பிள்ளைகள் இருந்தால் போதும். ஆங்கிலப் பிழைச் செய்தியைப் பிள்ளைகள் வாசிக்கட்டும். எது போகக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லட்டும். தமிழில் வாசிக்க விரும்புகிறவர்களுக்கு, கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதி வருகிறது.

அடுத்த நாள் மாமாவின் மடிக்கணினி மூடியில் ஒரு துண்டு ஒட்டிவிட்டு வந்தேன். ‘1. முதலில் நகல் எடுக்கவும். 2. எவை அகட்டப்படும் என்று வாசிக்காமல் ஓம் சொல்ல வேண்டாம்.’

பின்னேரம் போய்ப் பார்த்தேன். ‘அகட்டப்படும்’ என்பதைச் சிவப்புப் பேனாவால் வெட்டி, மேலே ‘அகற்றப்படும்’ என்று திருத்தியிருந்தார்.