எந்த விலங்குக்கு எந்தத் தோட்டா?

காடும் கழனியும் – 17

சிறு காலிபர் ரைஃபிள் தோட்டாவைத் தேர்ந்தெடுக்க மூன்று விவரங்கள் தெரிந்தாக வேண்டும்: சுடப்படும் விலங்கின் உடல்வாகு, சுடும் தூரம், குறி தவறினால் குண்டு போய் விழும் இடம். வேட்டைக் கையேடுகள் முதல் இரண்டைப் பக்கம் பக்கமாகப் பேசும். திருப்பூர் மாவட்டத்து விவசாய நிலத்தில் மூன்றாவதுதான் பெரும்பாடு.

காலிபர் என்பது குழலின் உள்விட்டம். .22 என்றால் ஓர் அங்குலத்தில் நூற்றுக்கு 22 பங்கு, சுமார் 5.6 மி.மீ. இந்த எண்ணை மட்டும் வைத்துத் தோட்டாவின் பலத்தைச் சொல்லிவிட முடியாது. ரைஃபிள் கிளப்புகளில் பயன்படும் .22 லாங் ரைஃபிள் தோட்டா, 2.6 கிராம் ஈயக் குண்டை நொடிக்கு 330 முதல் 380 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. ஏறக்குறைய அதே விட்டமுள்ள .22-250 ரெமிங்டன், 3.6 கிராம் குண்டை நொடிக்கு 1,100 மீட்டருக்கு மேல் விரட்டும். குண்டுக்குப் பின்னால் இருக்கும் பித்தளை உறை எவ்வளவு மருந்து கொள்கிறது என்பதில்தான் இந்த வேறுபாடெல்லாம் அடங்கியிருக்கிறது.

இதே விட்டத்தில் வேறு ஒரு வரிசையே உண்டு. 1930களின் தொடக்கத்தில் .22 ஹார்னட் வந்தது. 1935இல் .220 ஸ்விஃப்ட், 1950இல் .222 ரெமிங்டன், 1964இல் .223 ரெமிங்டன். இவற்றில் பலவற்றை வளர்த்தெடுத்தது அமெரிக்க மேய்ச்சல் நிலம். அங்கே வளை தோண்டும் பிரெய்ரி டாக் ஒரு கிலோ எடை இருக்கும். வுட்சக் நான்கைந்து கிலோ. ஆட்டுக்குட்டியைத் தூக்கும் கொயோட்டி பதினைந்து கிலோ. நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள் என்றால் ஹார்னட் போதும். இருநூறைத் தாண்டினால் .222 அல்லது .223. முந்நூறு மீட்டர் வெட்டவெளியில் .22-250. சின்ன உருவத்தைத் தூரத்திலிருந்து சுட, குண்டின் பாதை தாழாமல் நேராக இருக்க வேண்டும்; அதற்கு வேகம் வேண்டும். சிறு காலிபரின் சூட்சுமம் இவ்வளவுதான்.

வேகத்தால் இன்னொரு பலனும் உண்டு. மெல்லிய செம்பு உறையுள்ள இலகுவான குண்டு, நொடிக்கு 900 மீட்டருக்கு மேலான வேகத்தில் மண்ணில் பட்டால் பெரும்பாலும் தூள்தூளாகிவிடும். .22 லாங் ரைஃபிளின் மெதுவான ஈயக் குண்டு அப்படி உடையாது. சரளைக் கல்லில் பட்டாலும் கிணற்றுத் தண்ணீரில் பட்டாலும் தெறித்து வேறு திசையில் கிளம்பும். ‘சின்னத் தோட்டாதானே’ என்ற அலட்சியத்துக்கு இங்கே இடமில்லை: ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அதன் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும்.

இனி நம் ஊருக்கு வருவோம். 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது கோவையிலிருந்து உடுமலையும், ஈரோட்டிலிருந்து தாராபுரமும் காங்கேயமும் திருப்பூரோடு சேர்ந்தன. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உடுமலை, அமராவதி வனச்சரகங்களும் அப்படித்தான் பனியன் மாவட்டத்தின் கணக்கில் வந்தன. இந்த மாவட்டத்தில் சிறு காலிபருக்கு ஏற்ற விலங்கு எது என்று தேடினால் கிடைப்பது சொற்பம். முயலும் கௌதாரியும் 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டத்துக்கு முன் .22 தோட்டாவுக்கு இரையானவை. இன்று இரண்டையும் தொட்டால் வழக்கு. தக்காளியையும் சோளத்தையும் கொத்தித் தீர்க்கும் மயில் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பறவை. அதைக் கொல்ல பயிர்ச்சேதம் ஒரு காரணமே ஆகாது. வன உயிரினச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணை காகம், பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி ஆகியவற்றைத் தொல்லை உயிர்கள் என்று வகைப்படுத்தியிருந்தது. 2022 திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. எலிக்கு அதனால் பாதுகாப்பு எதுவும் வந்துவிடவில்லை; ஆனால் காதர்பேட்டை மொத்தக் கடையில் பனியன் கட்டைத் துளைக்கும் எலிக்குத் தோட்டா தேடுவார் யாருமில்லை, பொறியும் பூனையும் போதும்.

மிஞ்சுவது காட்டுப்பன்றி. மக்காச்சோளக் காட்டில் இறங்கினால் தட்டையைச் சாய்த்து, கதிரை மட்டும் மென்று போடும். நிலக்கடலைக் காட்டில் மூக்காலேயே உழுதுவிடும். வளர்ந்த ஆண் பன்றி நூறு கிலோவைத் தொடும். அதன் தோள்பட்டையில் தோலுக்கடியில் விரற்கடைக்கு மேல் தடித்த ஒரு கவசம் இருக்கிறது. ஆண் பன்றிகள் ஒன்றையொன்று கொம்புப் பல்லால் குத்திக்கொள்ளும்போது உடம்பைக் காப்பது அதுதான். மண்ணில் பட்டதும் தூளாகும் .22-250 குண்டு இந்தக் கவசத்திலும் அப்படியே தூளாகும். நுரையீரல் வரை போகாது. அடிபட்ட பன்றி சோளக்காட்டுக்குள் நுழைந்துவிட்டால், விடிந்ததும் தண்ணீர் பாய்ச்ச வருகிறவர் பாடு ஆபத்து. உறுதியான குண்டு போட்ட .223 நல்ல கையில் பன்றியை வீழ்த்தும் என்பது உண்மை. ஆனால் இருட்டில், ஓடும் விலங்கின் மேல் அதை நம்புவது வீண்.

இந்திய வனத்துறைகளில் வழக்கமாகக் காணப்படும் ரைஃபிள் .315. இதன் பிறப்பே ஒரு தடையால் நேர்ந்தது. ராணுவத் தோட்டா பொதுமக்கள் கையில் சிக்கக் கூடாது என்று வெள்ளைக்காரர்கள் .303 காலிபரைத் தடுத்தார்கள். அதற்கு மாற்றாக ஆஸ்திரிய மன்லிக்கர் தோட்டாவின் உறையைத் தழுவி வந்ததுதான் .315. இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை அதற்கான துப்பாக்கியைச் செய்தது. சுமார் 16 கிராம் குண்டு, நொடிக்கு 650 மீட்டர் வேகம், 3,300 ஜூல் ஆற்றல். .223இன் ஆற்றல் ஏறக்குறைய 1,700 ஜூல்; .22 லாங் ரைஃபிளுக்கு 200 ஜூல்கூட இல்லை. பன்றிக்கு .315 தாராளம். சிக்கல், பன்றியைத் துளைத்த பிறகும் குண்டுக்கு வேகம் மிச்சமிருப்பது. குறி தவறினால் கிலோமீட்டர் கணக்கில் போகும். பல்லடம், தாராபுரம் பக்கம் நிலம் தட்டை; குண்டைத் தாங்க மேடு கிடையாது. அந்தப் பக்கம் ஒரு கோழிப்பண்ணை, இந்தப் பக்கம் ஒரு தறிக்கூடம், நடுவே தோட்டத்துச் சாளைகள்.

அதனால்தான் ரைஃபிளை விட்டு 12 போர் துப்பாக்கிக்கு வர வேண்டியிருக்கிறது. குழலில் மரை கிடையாது. தோட்டாவைப் பிளந்து பார்த்தால் அடியில் பித்தளைத் தொப்பி, அதன்மேல் மருந்து, பிறகு அடைப்பு, மேலே ஈய உருண்டைகள். எல்.ஜி. வகையில் உருண்டைகள் ஒவ்வொன்றும் சுமார் 9 மி.மீ., ஓர் அவுன்சுக்கு ஆறு நிற்கும், எஸ்.ஜி. கொஞ்சம் சிறியது, எட்டு நிற்கும். உருண்டை காற்றில் சீக்கிரம் வேகம் இழப்பதால், தவறிப்போனாலும் ரைஃபிள் குண்டைப் போல ஊர் தாண்டாது. ஆனால் முப்பது மீட்டருக்கு மேல் பரந்துவிடும். அதைத் தாண்டிச் சுட்டால் பன்றி காயத்தோடு தப்பும். பன்றிக்கு எஸ்.ஜி.யைவிட எல்.ஜி. நல்லது, எண்ணிக்கை குறைந்தாலும் ஒவ்வொன்றும் ஆழமாக இறங்கும்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் இதே வழியில்தான் போகிறது. அதன் 13ஆவது பிரிவு, பயிர்க்காவலுக்கு வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைச் சொல்கிறது. அது போதாது என்று உரிமம் தரும் அதிகாரி கருதினால் மரையில்லாத வேறு துப்பாக்கி தரலாம். .22 ரைஃபிளை அதே பிரிவு கிளப் உறுப்பினரின் குறிப்பயிற்சிக்கு என்று ஒதுக்கிவிட்டது. ஆனால் துப்பாக்கிக்கு உரிமம் இருப்பது வேறு, பன்றியைச் சுட அனுமதி இருப்பது வேறு. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள் அந்த அனுமதியைத் தரலாம்; உரிமமுள்ளவர்கள் சுடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அன்றைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டமன்றத்தில் அறிவித்த முறை வேறு: காட்டெல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடக் கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்று கிலோமீட்டரைத் தாண்டினால் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஊழியர் மட்டும் சுடலாம். விவசாயி சுட முடியாது. பழத்துக்குள் வெடிவைக்கும் அவுட்டுக்காயும், வேலியில் பாய்ச்சும் திருட்டு மின்சாரமும் இந்த இடைவெளியில்தான் நுழைகின்றன. யானையின் வாயைச் சிதைப்பதும் அந்த அவுட்டுக்காய்தான்.

மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் என்பது ஊரும் தோட்டமும் நெருங்கிக் கிடக்கும் பகுதி. அங்கே எந்தத் தோட்டாவானாலும் பரணிலிருந்தோ டிராக்டர் டிரெய்லர் மேலிருந்தோ கீழ்நோக்கிச் சுடுவதே முறை. பன்றியைத் துளைத்தாலும் தவறினாலும் குண்டு சில மீட்டரிலேயே மண்ணில் புதையும். உயரம் பத்தடி இருந்தால், முப்பது மீட்டருக்குள் வரும் பன்றிக்கு 12 போரில் எல்.ஜி. போதும்.

(தொடரும்)