உயிரணுவுக்குள் ஒளிந்திருக்கும் கிளமிடியா

"எரிச்சல் நின்றுவிட்டது, மீதி மாத்திரைகளையும் விழுங்கத்தான் வேண்டுமா?" "எனக்குத் தொல்லை எதுவும் இல்லையே. கணவருக்கு வந்த தொற்றுக்கு நான் ஏன் மருந்து உண்ண வேண்டும்?" கிளமிடியா தொற்றுக்குச் சிகிச்சை பெறும் குடும்பங்களில் எழும் ஐயங்கள் இவை. இரண்டுக்கும் விடை அப்பாக்டீரியா வாழும் முறையில் இருக்கிறது.

கிளமிடியா உயிரணுவுக்குள் மட்டுமே பெருகக்கூடியது. வெளியே இருக்கும்போது அது விதையைப் போன்றது. உறை உறுதியானது, ஆனால் பெருகும் ஆற்றல் இல்லை. சிறுநீர்த்தாரை, கருப்பை வாய், இமையின் உட்புறம் ஆகிய இடங்களின் மேற்பரப்பு உயிரணுக்களில் உள்ள சர்க்கரைச் சங்கிலிகளில் முதலில் தளர்வாக ஒட்டுகிறது. பிறகு தன் மேலுறைப் புரதங்களால் இறுகப் பற்றுகிறது. அடுத்து, ஊசி போன்ற நுண்குழாய் வழியாகச் சில புரதங்களை உயிரணுவுக்குள் செலுத்துகிறது. அவற்றுள் 'டார்ப்' என்பது உயிரணுவின் உட்சட்டமான ஆக்டின் இழைகளை அவ்விடத்தில் திரளச் செய்கிறது. உயிரணுவே கிருமியை உள்ளிழுத்துக்கொள்கிறது. கதவை உடைக்காமல், வீட்டுக்காரரையே திறக்க வைக்கும் திருடனின் வேலை இது.

இவ்வாறு உள்ளே வரும் கிருமிகளை உயிரணு செரித்து அழிப்பது வழக்கம். கிளமிடியாவோ தன்னைச் சூழ்ந்த சவ்வுப் பையை மாற்றியமைத்துத் தப்பிவிடுகிறது. பைக்குள் பருத்து, பிளந்து பெருகி, இரண்டு மூன்று நாட்களில் நூற்றுக்கணக்கான புதிய விதைகளாக வெளியேறி அண்டை உயிரணுக்களைப் பற்றுகிறது. டிரக்கோமா என்னும் கண்நோயை ஆராய்ந்த ஹால்பர்ஸ்டேட்டரும் புரோவாசெக்கும் இப்பைகளை 1907இல் ஜாவாவில் கண்டனர். மேலங்கியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே இதன் பெயராயிற்று.

டிரக்கோமா பலரைப் பார்வையிழக்கச் செய்த நோய். இந்தியா 1963இல் அதற்கெனத் தேசியத் திட்டம் தொடங்கியது. பொதுச் சுகாதாரச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து அது ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் 2024 அக்டோபரில் அறிவித்தது. அதே இனத்தின் பாலுறவு வழிப் பரவும் வகைகள் இன்றும் உள்ளன. கழிப்பறை இருக்கையை யாரும் ஐயுற வேண்டாம்; அவை அவ்வழியில் பரவுவதில்லை.

உள்ளே மறைந்திருப்பதால் பெண்களில் பெரும்பாலோருக்கும் ஆண்களில் பலருக்கும் அறிகுறியே தோன்றாது. மாதக்கணக்கில் அமைதியாக இருந்து, கருக்குழாயில் வடுவை உண்டாக்கிக் குழந்தைப்பேற்றைத் தடுக்கக்கூடும். தொற்று எப்போது, எவரிடமிருந்து வந்தது என்பதைப் பரிசோதனை சொல்லாது. ஆகவே முடிவைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் குற்றம் சாட்டுவது பயனற்றது. இருவரும் ஒரே வேளையில் சிகிச்சை பெறுவதே தேவை. ஒருவர் விடுபட்டால் மற்றவருக்குத் தொற்று திரும்பும்.

உயிரணுவுக்குள் புகுந்து கிருமியின் புரத உற்பத்தியை நிறுத்தும் மருந்து டாக்சிசைக்ளின். 100 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருவேளை, 7 நாட்கள் உண்ண வேண்டும். கிருமி பெருகும் சுழற்சி பலமுறை நிகழும் காலம் அது. இடையில் நிறுத்தினால் எஞ்சியவை மீண்டும் பெருகக்கூடும். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இரவுமுறை வேலை பார்ப்போர், பணிக்குச் செல்லுமுன் ஒன்று, திரும்பியபின் ஒன்று எனப் பிரித்துக்கொள்ளலாம். உணவுடன், நிறையத் தண்ணீருடன் விழுங்குக; உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். கருவுற்றோருக்கு இம்மருந்து ஏற்றதன்று, அசித்ரோமைசின் தரப்படும். பிறந்த குழந்தைக்கு முதலிரு வாரங்களில் கண் சிவந்து சீழ் வடிந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுக.

சிகிச்சை முடியும்வரை உடலுறவைத் தவிர்க்க வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வருவோர், அதற்கு முன் ஒரு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்து, முதலில் வெளிவரும் சிறுநீரைச் சேகரித்துத் தருக.