தீ வரும் வழியை அறிந்து வைப்போம்



நம்மில் சிலருக்கு அக்கராயன் பக்கம் சொந்தபந்தம் உண்டு. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டுக் கிளிநொச்சிக் காட்டோரம் போய்க் குடியேறியவர்கள் ஏராளம். அங்கே வைகாசி தொட்டுப் புரட்டாதி வரை மழை குறைவு. குப்பைக்கு வைத்த நெருப்பு சருகில் பிடித்துக் காட்டுக்குள் போய்விடும். இங்கே பதுளைப் பக்கத்து மானாப்புல்லும் அப்படித்தான். ஆடி, ஆவணிக் காற்றில் ஒரு பீடித்துண்டு போதும்.

தீயை அணைப்பதைவிட, அது வரக்கூடிய இடத்தை முன்கூட்டியே அறிவது லேசு. அதற்குத்தான் தீ ஆபத்து வரைபடம். அதில் பார்ப்பது: என்ன புல், மரம்? சரிவு எவ்வளவு? காற்று எந்தப் பக்கம்? பாதையும் வீடும் எவ்வளவு தூரம்? முன்பு எங்கே எரிந்தது?

இப்போது செய்மதிகள் தினமும் எரியும் இடங்களைக் காட்டுகின்றன. ஆனால் அவை தீப்பிடித்த பிறகுதான் சொல்லும். லயத்துக்குப் பின்னால் காய்ந்து நிற்கும் புல் நமக்குத்தான் தெரியும்.

தீ மேட்டை நோக்கி வேகமாக ஓடும். தமிழ்நாட்டில் தேனி மாவட்டக் குரங்கணியில் 2018 மார்ச் 11ஆம் திகதி பிடித்த தீயில், மலையேறப் போனவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆகவே மானாப்புல் சரிவுக்கு மேலே இருக்கும் லயம்தான் முதலில் கவனிக்க வேண்டியது.

ஒரு கொப்பித்தாளில் லயம், பீலி, பாதை, மானாப்புல், முன்பு எரிந்த இடம் எல்லாம் வரையுங்கள். ஆபத்தான இடத்துக்குச் சிவப்புப் போடுங்கள். சிவப்பு லயத்தைத் தொடுகிற இடத்தில், வெயில் காலத்துக்கு முன்பே மண் தெரியப் புல்லைச் செதுக்கி விடுவோம். படத்தைப் பிரட்டுக்களத்தில் மாட்டி வைப்போம், பிள்ளைகளும் பார்க்கட்டும். புகை கண்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.