வரப்பு ஆமணக்கின் வேலை

மாமல்லபுரத்துக்குத் தெற்கே செய்யூர் வரையிலும், மேற்கே திருக்கழுக்குன்றம், மதுராந்தகம் பக்கமும் மணல் கலந்த கொல்லைகளில் வேர்க்கடலை போடுகிறார்கள். அந்தப் பயிருக்கு வேளாண் வல்லுநர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் யோசனை ஒன்று உண்டு: வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஆமணக்கு ஊன்றுங்கள். கொட்டையும் எண்ணெயும் பிறகு. முதல் நோக்கம், பயிரை மேயும் புரோடீனியா புழுவை அங்கே இழுத்து வைப்பது. இப்படி ஊன்றும் செடியைப் பொறிப்பயிர் என்கிறார்கள்.

புரோடீனியாவின் தாய் அந்துப்பூச்சி இரவில் பறக்கும். செடிகளின் வாசனையை உணர்கொம்புகளால் பிடித்து இறங்கும். இலைமேல் உட்கார்ந்ததும் காலாலேயே அதன் சுவையை அறியும். பொரிந்து வரும் குஞ்சுப் புழுவால் தொலைவு போக முடியாது. தாய் உட்கார்ந்த இலைதான் அதற்கு முதல் சாப்பாடு. அதனால்தான் தாய் இலையைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது. அந்தத் தேர்வில் வேர்க்கடலையை முந்திக்கொள்கிறது ஆமணக்கின் அகன்ற இலை. அதில் நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒரே குவியலாக இட்டு, தன் உடம்பின் பழுப்பு ரோமத்தால் மூடிவிட்டுப் பறந்துவிடும்.

3 முதல் 5 நாளில் முட்டை பொரியும். புழுக்கள் முதலில் கூட்டமாகவே இருந்து இலையின் பச்சையைச் சுரண்டித் தின்னும். நரம்பு மட்டும் மிஞ்சிய இலை சல்லடை போலாகி, தூரத்திலிருந்தே கண்ணில் படும். விவசாயிக்குக் கிடைக்கும் வாய்ப்பு இந்தச் சில நாட்கள்தான். அந்த இலையைக் கிள்ளி நசுக்கினால் ஒரு குடும்பமே ஒழியும். தவறவிட்டால் புழுக்கள் வளர்ந்து பிரிந்து, பகலில் மண்ணில் பதுங்கி, இரவில் பயிரை மேயும். அப்போது மருந்துக்கும் எளிதில் சிக்காது.

பொறிப்பயிர் பருத்திக்கும் உதவும். அதற்கு எதிரிகள் பல. அதனால் பொறிப்பயிரும் பல. புரோடீனியாவுக்கு ஆமணக்கு, புள்ளிக் காய்ப்புழுவுக்குப் பருத்தியின் சொந்தக்காரச் செடியான வெண்டை, பச்சைக் காய்ப்புழுவுக்குத் துலுக்கச் சாமந்தி. சாமந்தியில் முட்டையிட வரும் பூச்சி மொட்டையும் பூவையும் தேடுவதால், பருத்தி மொட்டு விடும்போது சாமந்தியும் பூத்திருக்க வேண்டும். நாள் தப்பினால் பொறி வேலை செய்யாது.

1960களில் கலிபோர்னியாவில் வெர்னான் ஸ்டெர்ன் என்ற பூச்சியியல் அறிஞர், பருத்தி வயலுக்கு நடுவே குதிரைமசாலைப் பட்டை பட்டையாக விதைத்து, லைகஸ் என்ற நாவாய்ப்பூச்சியை அதிலேயே தங்கவைக்க முடியும் என்று காட்டினார். குதிரைமசாலை ஒரேயடியாக அறுத்தால் பூச்சி பருத்திக்குத் தாவிவிடும். பகுதி பகுதியாகத்தான் அறுக்க வேண்டும். வரப்பு ஆமணக்கும் அப்படித்தான்: ஊன்றினால் மட்டும் போதாது, பராமரிக்கவும் வேண்டும். கவனிக்காமல் விட்ட ஆமணக்கு, புழுவை வளர்த்துக் கொல்லைக்குள் அனுப்பும் பண்ணையாகிவிடும்.

ஆகவே ஆமணக்கு ஊன்றும் விவசாயிகளே, தினமும் ஒரு முறை வரப்பைச் சுற்றி வாருங்கள். இலையைப் புரட்டிப் பாருங்கள். மருந்துச் செலவு குறைவதும், நன்மை செய்யும் பூச்சிகள் பிழைப்பதும் அந்த ஒரு நடையில்தான் இருக்கிறது.