கடல் கடந்து செல்லும் பெற்றோரும் மருத்துவக் காப்பீடும்

முன்னுரை

பிள்ளைகள் படிக்கும் ஊருக்குப் பெற்றோர் வந்து பார்த்துச் செல்வது நம் கல்லூரியில் அன்றாடக் காட்சியாகும். நிலக்கோட்டையிலிருந்தோ ஒட்டன்சத்திரத்திலிருந்தோ காலையில் பேருந்து ஏறி வருவார்கள். கையிலுள்ள பணத்தைக் கொடுத்துவிட்டு மாலையில் திரும்பிவிடுவார்கள். இடையில் காய்ச்சல் கண்டாலும் திண்டுக்கல்லில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் இன்று நம் பகுதிப் பிள்ளைகள் அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி முதலிய நாடுகளுக்கும் மேற்படிப்புக்குச் செல்கின்றனர். பட்டமளிப்பு விழாவைக் காணப் பெற்றோரும் விமானம் ஏறுகின்றனர். அங்கே அவர்கள் நோயுற்றால் செலவை யார் ஏற்பது? அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் ஊர் அட்டை

பலர் சிறு தொகை செலுத்தி, அவர்களுள் துன்புற்ற சிலரின் பெருஞ்செலவைப் பகிர்ந்து கொள்வதே காப்பீடு. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டு கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரி 11 அன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை எனப் பெருகியது. ஏழைக் குடும்பங்களுக்கு அந்த அட்டை பெருந்துணை. எனினும் அது கடல் தாண்டாது.

பிள்ளையின் காப்பீடு போதாதா?

போதாது. இங்கிலாந்தில் படிக்கும் மாணவர் விசா பெறும்போதே மருத்துவக் கட்டணமாக ஆண்டுக்கு 776 பவுண்டு செலுத்துகிறார். அது அவருக்கு மட்டுமே. பார்க்க வரும் பெற்றோர்க்கு அவசரப் பிரிவில் அளிக்கும் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டாலோ, அரசு நிர்ணயித்த தொகையைப் போல ஒன்றரை மடங்கு கட்ட வேண்டும்.

ஜெர்மனி, பிரான்சு முதலிய ஷெங்கன் நாடுகளில் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு இருந்தால்தான் விசாவே கிடைக்கும். அமெரிக்காவில் சுற்றுலா விசாவிற்கு இத்தகைய கட்டாயம் இல்லை. கட்டாயமில்லை என்பதால் தேவையில்லை என்று எண்ணிவிடுகிறோம். ஆபத்தான நிலையில் வருபவரைப் பணம் இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது என 1986இல் அங்கே சட்டம் இயற்றப்பட்டது உண்மை. ஆனால் அச்சட்டம் சிகிச்சைக்குத்தான் உறுதி தருகிறது, செலவிற்கு அன்று. உயிர் பிழைத்து வீடு வந்தபின் பில் வந்து சேரும்.

இருவகைப் பத்திரங்கள்

வெளிநாட்டிலிருந்து வருவோர்க்கு அமெரிக்காவில் விற்கும் பத்திரங்கள் பெரும்பாலும் இரு வகை. முதல் வகையில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று தொகை முன்பே குறிக்கப்பட்டிருக்கும். அதற்கு மேற்பட்டது நம் தலையில். பிரீமியம் குறைவு என்பதால் பலர் இதனையே வாங்குகின்றனர். இரண்டாம் வகையில் செலவின் பெரும்பங்கை நிறுவனம் ஏற்கும்.

இரண்டாம் வகைக்கு ஒரு கணக்குப் பார்ப்போம். முதல் 250 டாலர் நம் பொறுப்பு. அடுத்த 5,000 டாலரில் நிறுவனம் நூற்றுக்கு 80 பங்கு ஏற்கும். அதற்குமேல் முழுதும் ஏற்கும் என்று பத்திரம் கூறுவதாகக் கொள்வோம். பில் 10,250 டாலர் வந்தால் நாம் கட்டுவது 250, அதனுடன் 1,000, ஆக 1,250 டாலர். நிறுவனம் தருவது 9,000 டாலர். பத்திரம் இல்லையேல் 10,250 டாலரும் நம்முடையதே.

ஒரே ஒரு வினா

விண்ணப்பத்தில் மிக முக்கியமான வினா ஒன்றுண்டு: "முன்பே ஏதேனும் நோய் உள்ளதா?" இதன் பொருளை நான் அறிந்த விதத்தைக் கூறுகிறேன்.

எங்கள் ஊரில் மல்லிகை பயிரிடும் ஒரு குடும்பத்தின் மகள் அமெரிக்காவில் படிக்கிறார். அவர் பட்டம் பெறுவதைக் காணத் தாயும் தந்தையும் புறப்பட ஆயத்தமாயினர். இருவருக்கும் ஆங்கிலம் படிக்கத் தெரியாது. விண்ணப்பத்தை என்னிடம் தந்தனர். தந்தை ஐந்தாண்டுகளாகச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை உண்பவர். உடன் இருந்த முகவர், "இல்லைன்னு போடு தம்பி, ஒண்ணும் ஆகாது" என்றார். நானும் அவ்வாறே எழுதினேன். அவர் எழுத்துக் கூட்டிக் கையெழுத்திட்டார். "நீ படிச்ச பிள்ளை, நீ எழுதுனா சரியாத்தேன் இருக்கும்" என்றார் அந்த அம்மா.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மாதிரிப் பத்திரத்தின் சிறிய எழுத்துகளை முழுதும் படித்தேன். உண்மையை மறைத்தது தெரியவந்தால் நிறுவனம் பணம் தர மறுக்கலாம் என்று அதில் இருந்தது. ஒருவேளை அவருக்கு அங்கே மாரடைப்பு வந்தால், மருத்துவமனை முதலில் கேட்பது என்னென்ன மாத்திரை உண்கிறீர்கள் என்பதே. அவர் மறைக்காமல் சொல்வார். அப்போது பொய்யராவது அவர், எழுதியவனோ நான்.

மறுநாள் காலையிலேயே சென்று உண்மையைச் சொல்லி, புதிய விண்ணப்பத்தில் "ஆம்" என்று எழுதினேன். பிரீமியம் சற்றுக் கூடியது. பழைய நோய் திடீரென முற்றி உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் மட்டும் குறிப்பிட்ட தொகை வரை கிடைக்கும் என்ற நிபந்தனையும் உண்டு. குறைவுதான், ஆயினும் அது உறுதியான குறைவு.

கவனிக்க வேண்டியவை

இந்திய நிறுவனத்தின் பத்திரமாயின் புறப்படும் முன்பே வாங்க வேண்டும். தங்கும் நாள் முழுமைக்கும் இருக்க வேண்டும். வழக்கமான மாத்திரைகளை மருத்துவர் சீட்டுடன் எடுத்துச் செல்ல வேண்டும். பத்திர எண்ணும் அவசரத் தொலைபேசி எண்ணும் பெற்றோர் சட்டைப் பையில் ஒன்றும் பிள்ளையிடம் ஒன்றுமாக இருத்தல் நலம்.

முடிவுரை

நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகள். வங்கி, தாலுகா அலுவலகம், மருத்துவமனை என எங்கும் பெற்றோர்க்காகப் படிவம் நிரப்புபவர்கள் நாமே. கையெழுத்து அவர்களுடையது, எழுத்து நம்முடையது. ஆதலால் எந்தப் படிவத்தையும் முழுதும் படித்து, உள்ளதை உள்ளபடி எழுதுவோமாக. கல்வி நமக்குத் தந்த கடமைகளுள் இதுவும் ஒன்றாகும்.