உளநல சேவையில் தாதியரின் பொறுப்பு விரிவடைய வேண்டும்

கண்டியிலிருந்து கம்பளைக்குச் செல்லும் பிரதான வீதியில், பேராதனையைக் கடந்து சற்றுத் தூரத்தில் அமைந்துள்ளது கெலிஓயா. முஸ்லிம் வர்த்தகர்களும், அயற் தோட்டங்களின் தொழிலாளர் குடும்பங்களும், சிங்களக் கிராமத்தவரும் அன்றாடம் கூடும் சிறு நகரம் அது. பேராதனை போதனா வைத்தியசாலைக்கு அங்கிருந்து பஸ்ஸில் நீண்ட நேரம் பயணிக்க வேண்டியதில்லை. எனினும், உளநோயினால் அவதியுறும் தமிழ்பேசும் பெண்ணொருவர் அந்த வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவை வந்தடைவதற்கு முன்னர் பூசாரியிடமும், மந்திரிப்பவரிடமும், பல தனியார் மருந்தகங்களிலும் ஏறியிறங்கியிருப்பார். தூரம் இங்கு பிரச்சினையன்று.

நீரிழிவு நோயை இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே உண்டு. மனச்சோர்வுக்கோ ஸ்கிசோபிரினியாவுக்கோ அத்தகைய பரிசோதனை எதுவும் இன்றுவரை கிடையாது. நோயாளி சொல்வதும், சொல்லாமல் விடுவதும், அவர் அமர்ந்திருக்கும் விதமும், உறவினர் தரும் தகவலுமே நோய் நிர்ணயத்தின் மூலப்பொருட்கள். எனவே இத்துறையில் மொழி என்பது மருத்துவக் கருவியாகவே விளங்குகிறது. நமது பெண்கள் எவரும் 'எனக்கு மனச்சோர்வு' என்று கூறி வருவதில்லை. 'நெஞ்சு படபடக்குது', 'உடம்பெல்லாம் எரியுது', 'ஒரே யோசனையா இருக்கு' என்றே கூறுவர். 'யோசனை' என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் தூக்கமின்மை, கடன், கணவனின் குடி, சில வேளைகளில் சாக வேண்டும் என்ற எண்ணம் யாவும் அடங்கியிருக்கக்கூடும்.

மொழி தெரியாத வைத்தியருக்கு உடன் வந்த மகனே மொழிபெயர்ப்பாளனாகிறான். 'உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா?' என்று தாயிடம் பத்து வயதுச் சிறுவனைக் கொண்டு கேட்பது எவ்வளவு கொடுமையானது! அவள் அவனிடம் உண்மையைக் கூறுவாளா? தற்கொலை முயற்சி 1998 ஆம் ஆண்டு முதல் இலங்கையில் தண்டனைக்குரிய குற்றமன்று. அதனை அறியாத குடும்பங்கள் பொலிஸுக்கு அஞ்சி அதனை இன்னமும் மறைக்கின்றன.

இந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர், நோயாளியின் மொழி அறிந்த, உளமருத்துவத்தில் உயர் பயிற்சி பெற்ற தாதியே. அவர் ஆற்றக்கூடிய பணி என்ன என்பதைச் சற்று விளக்குவது அவசியம். முதலில், உளநோய் போலத் தோற்றும் உடல்நோயை அவர் விலக்கியாக வேண்டும். தைரொயிட் சுரப்புக் குறைந்தாலும் சோர்வும் மந்தமும் வரும். இரத்தச்சோகை ஆளைப் படுக்கையில் வீழ்த்திவிடும். முதியவர் ஒருவர் திடீரெனப் பிதற்றத் தொடங்கினால், அது பேயோ பைத்தியமோ என்று ஆராய்வதற்கு முன்னர் சிறுநீர்த் தொற்று உண்டா என்று பார்க்க வேண்டும். அடுத்தது கடந்தகால வரலாறு. இன்று சோர்ந்து கிடப்பவர், முன்னொரு காலத்தில் நாட்கணக்கில் உறங்காது, ஓயாது பேசி, கையிலிருந்த பணத்தையெல்லாம் வாரியிறைத்தவராயின், அவரது நோய் இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அவருக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் அந்தப் பழைய வேகம் மீண்டும் கிளம்பக்கூடும். இத்தகவலை நோயாளி தாமாகக் கூறமாட்டார். அவருடைய தாயிடமோ மனைவியிடமோ, அவர்களுக்குப் புரியும் சொற்களில், பொறுமையாகக் கேட்டறிய வேண்டும். ஐந்து நிமிடக் கிளினிக்கில் நூறு பேரைப் பார்க்கும் வைத்தியருக்கு இது இயலாத காரியம்.

சிகிச்சையிலும் அவ்வாறே. லிதியம் உட்கொள்பவருக்கு வயிற்றோட்டமும் வாந்தியும் கைநடுக்கமும் கண்டால் மருந்து நஞ்சாக மாறுகிறது என்பதை உடனடியாக உணர வேண்டும். குளொசப்பின் பெறுபவரின் வெள்ளணுக்களை ஒழுங்காகக் கண்காணிக்க வேண்டும். அவருக்கு வரும் காய்ச்சலைச் சாதாரண காய்ச்சலாக எண்ணிவிடக் கூடாது. மாதாந்த ஊசிக்கு வராதவரின் வீட்டைத் தேடிச் செல்லவும் வேண்டும்.

உலகில் இது புதிய சிந்தனையன்று. ஹில்டகார்ட் பெப்லோ என்ற அமெரிக்கத் தாதி, தாதிக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் அச்சாணி என 1952 இல் நூலெழுதினார். பிரித்தானியாவில் உரிய பயிற்சி பெற்ற தாதியர் 2006 முதல் பெரும்பாலான மருந்துகளைத் தாமே எழுதிக்கொடுக்க முடிகிறது. நிபுணர்கள் இல்லாத இடங்களில் ஏனைய சுகாதாரப் பணியாளர்களும் உளநோயை அடையாளங்கண்டு சிகிச்சையளிப்பதற்கான வழிகாட்டியை உலக சுகாதார நிறுவனம் 2010 இல் வெளியிட்டது.

நமக்கும் இது முற்றிலும் அந்நியமானதல்ல. கிராமத்து மருந்தகங்களிலும் தோட்ட ஆஸ்பத்திரிகளிலும் தலைமுறைகளாக நோயைப் பார்த்து மருந்து கொடுத்தவர்களுள் அப்போதிக்கரிமாரும் அடங்குவர். உளமருத்துவ நிபுணர்கள் போதாமையால், பொது வைத்தியர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சியளித்து உளநல வைத்திய அதிகாரிகளாக நியமித்ததும் இந்த நாடேயாகும். நோயாளரை அடைத்துவைப்பதைப் பற்றியே பெரிதும் சிந்தித்த 1873 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மனப்பாங்கிலிருந்து விலகி, சமூகத்துக்குள் சேவையைக் கொண்டுசெல்லும் உளநலக் கொள்கை 2005 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் அச்சேவைக்கு ஆட்கள் வேண்டுமே! 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அடுத்து வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறியமை நிலைமையை மேலும் மோசமாக்கியது.

வைத்தியர்கள் தரப்பில் எழக்கூடிய அச்சத்தை வெறும் தொழிற்சங்கப் பிடிவாதம் என ஒதுக்கிவிட முடியாது. தவறான நோய் நிர்ணயம் ஒருவரின் வாழ்நாள் முழுவதையும் பாதிக்கும். ஆகவே குறிப்பிட்ட மருந்துகளுக்கு மட்டுமான அனுமதி, உளமருத்துவ நிபுணரின் மேற்பார்வை, சிக்கலானவரை உடன் மேலிடத்துக்கு அனுப்பும் கட்டாயம் ஆகியவற்றைச் சட்டத்திலேயே எழுதிவைப்பது தகும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டப்படிப்பு உண்டு; அருகிலேயே போதனா வைத்தியசாலையும் உண்டு. உளநலத் தாதியியலில் மேற்பயிற்சியை அங்கு தமிழ்மொழித் தேர்ச்சியுடன் இணைத்து வழங்குவது பெருஞ்செலவு பிடிக்கும் திட்டமன்று. பயிற்சி முடித்து வருபவரை அடுத்த இடமாற்றப் பட்டியலில் சத்திரசிகிச்சை வார்ட்டுக்கு அனுப்பாதிருப்பதற்கும் சுகாதார அமைச்சு இப்போதே ஒரு சுற்றறிக்கையைத் தயாரித்துவைக்கலாம்.